மூணாம் நம்பரின் சத்தம்

பஞ்சு அறையில் வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆறு மெஷின்களும் ஒரே நேரத்தில் பழந்துணியைக் கடித்துக் கிழித்துப் பஞ்சாகத் துப்பும்போது, பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் போய்ச் சேரும். அதனால் அங்கே எல்லாமே கைதான். விரலைக் காட்டினால் மெஷின் நம்பர். சுட்டுவிரலை வட்டமாகச் சுற்றினால் ஓடுகிறது என்று அர்த்தம். கையை இறுக மூடிக் காட்டினால் நின்றுவிட்டது. காது மடலைப் பிடித்து இழுத்தால் ஃபிட்டரைக் கூப்பிடு. டீ வந்துவிட்டது, இடுப்பு விட்டுப்போகிறது, உன் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. சூப்பர்வைசருக்கும் ஒன்று உண்டு, அதை எழுத்தில் விவரிப்பது நாகரிகம் இல்லை.

இதில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் கையைக் காட்டினால் பார்த்தவர் அதே கையைத் திருப்பிக் காட்டவேண்டும். காட்டினால்தான் சேதி போய்ச் சேர்ந்தது. காட்டாவிட்டால் முதலில் காட்டியவர் மறுபடியும் காட்டவேண்டும்.

ஃபிட்டருக்குக் காது மடல் வந்ததற்குக் காரணம் அவருடைய காதேதான். அரை முழத்துக்குக் குறையாத நீளத் திருப்புளி ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்திருந்தால் காது பாதி வேலைதான் செய்யும் என்பது அவர் கட்சி. கிரீஸ் வற்றின பேரிங் விசிலடிக்கும். உள்ளே குண்டு தேய்ந்திருந்தால் கரகரக்கும். ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தால் விட்டு விட்டு முனகும். இத்தனையும் அந்த இரைச்சலுக்கு நடுவே அவருக்குப் பிரிந்து கேட்கும். கேட்டுவிட்டுக் கிரீஸ் அடிப்பார், இல்லை கழற்றி மாற்றுவார், மறுபடி ஊன்றிக் கேட்பார். சத்தம் அடங்கியிருந்தால் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டுவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. மில்லில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் காதுக்காரரின் மனைவிதான் மூணாம் நம்பர். பஞ்சு அறையில் பெண்களுக்குப் பெயர் கிடையாது, நின்று துணி போடுகிற மெஷினின் நம்பர்தான் பெயர். மூணாம் நம்பர் அக்கா என்று சிறியவர்கள், வெறும் மூணு என்று கூட்டாளிகள். பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில் நின்று பொதியைப் பிரித்து, பட்டனையும் ஜிப்பையும் பிய்த்தெறிந்து, துணியை மெஷினின் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

காதுக்காரரிடம் ஒரு கதை இருந்தது. மில்லுக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் டீ இடைவேளையிலேயே அதைக் கேட்டுத் தீரவேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். பளபளவென்று ஷூ. ஆறு மெஷினையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொன்னார். முதல் நம்பர் அலறியது, இரண்டாம் நம்பர் அதைவிட அலறியது, மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். மூணாம் நம்பரை ஓடவிட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சத்தமே இல்லை, மென்மையாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். மெஷின் என்றால் இப்படி இருக்கவேண்டும், மற்ற ஐந்தையும் இதுபோல் ஆக்குங்கள் என்று பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மூணாம் நம்பர் அக்கா, தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிக் கையை மூடினாள். மெஷின் ஓடவே இல்லை. பெல்ட் கழன்று விழுந்து கிடந்தது. மோட்டார் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், அது நல்லா ஓடலை சார். ஓடவே இல்ல" என்று தான் சொன்னதாகக் காதுக்காரர் முடிப்பார். முடிக்கும்போது மூன்று விரலைக் காட்டிக் கையை மூடுவார். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மேனேஜரிடம் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். வீட்டிலும் இந்தக் கதை ஓடும். மகள் மட்டும், "புது மேனேஜர் வந்தாரா" என்று அப்பா வாயெடுத்ததுமே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். இருபத்திரண்டு வயதாகியும் அவள் ஒருநாளும் அதன் முடிவைக் கேட்டதில்லை.

மூணாம் நம்பருக்கு மூச்சுத் தொந்தரவு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முதலில் அது திங்கட்கிழமைத் தொந்தரவாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கும். செவ்வாய் புதன் ஆனால் அவிழ்ந்துவிடும். லீவு போட்டுப் பழகாத நெஞ்சு, ஒருநாள் லீவு கொடுத்தால் மறுநாள் தகராறு பண்ணுகிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அப்புறம் செவ்வாயும் சேர்ந்துகொண்டது, புதனும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கிழமைக்கு மரியாதை இல்லாமல் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா ஒருத்தர் அவள் முதுகில் ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். மூச்சு விடும்போது விசில் மாதிரி வருகிறது, அடியில் கரகரவென்று கேட்கிறது, பஞ்சுத் தூசி இனிமேல் ஆகாது என்றார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வேறு பிரிவுக்கு மாற்றும்படி மில்லுக்கு ஒரு கடிதமும் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார்.

காதுக்காரருக்கு விசில், கரகரப்பு என்று காதில் விழுந்ததும் அது தன் துறை ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். விசில் வலப்பக்கம் மேலே. கரகரப்பு இரண்டு பக்கமும் கீழே. டாக்டரம்மா சொன்னது சரிதான் என்று சான்றிதழ் வழங்கினார். இன்ஹேலர் அடித்தபின் மறுபடி கேட்டார். விசில் பாதி குறைந்திருந்தது. கால்மணி கழித்துக் கேட்டார், இன்னும் குறைந்திருந்தது. அவருக்கு ஏக சந்தோஷம். கிரீஸ் அடித்தால் அடங்குகிற கோளாறு பெரிய கோளாறே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் மருந்து, பிறகு முதுகில் காது. சத்தம் அடங்கினால் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் மில்லுக்குப் போவார்கள்.

கடிதம் அவருடைய கருவிப் பெட்டியின் அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. கொடுத்தால் அவளைப் பெட்டி கட்டுகிற பிரிவுக்கு மாற்றுவார்கள். அது வேறு ஷிஃப்ட். இவர் வரும்போது அவள் போவாள். அவளுக்கும் போக மனமில்லை. அட்டைப் பெட்டியோடு யார் பேசுவது என்றாள். இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் இல்லாமல் பொழுது எப்படிப் போகும் என்றாள். கொடுக்கலாம், கொடுக்கலாம் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு இரண்டு வருஷத்தைக் கடத்திவிட்டார்கள். உறையின் மேல் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, விடாமல் பெய்த மழைக்கு நாலாவது நாள். வீட்டில் எதைத் தொட்டாலும் ஈரம். சுவர் ஈரம், போர்வை ஈரம், உப்பு ஜாடி ஈரம். காலை ஆறு மணிக்கு அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று இரவெல்லாம் அப்படியே இருந்திருக்கிறாள். விசில் சமையலறைவரை கேட்டது. மூச்சு உள்ளே போவது தெரியவில்லை, வெளியே வருவதுதான் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது.

காதுக்காரர் வெந்நீர் வைத்தார். ஆவி பிடிக்க வைத்தார். இன்ஹேலரை அடித்தார், பத்து நிமிஷம் விட்டு மறுபடி அடித்தார், மறுபடி அடித்தார். அவரும் தூங்கியிருக்கவில்லை, கண் எரிந்தது. மகள் ஒருபக்கம் சோற்றை வடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பொறு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஏழரைக்கு விசில் குறைந்தது. எட்டு மணிக்குச் சமையலறையிலிருந்து கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, மனைவியின் முதுகில் காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடினார். வலப்பக்கம் மேலே கேட்டார். இடப்பக்கம் கேட்டார். கீழே இறங்கி இரண்டு பக்கமும் கேட்டார். விசில் இல்லை. கரகரப்பும் இல்லை. இரண்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக இருந்து அவர் கேட்டதே இல்லை. நம்பமுடியாமல் இன்னொரு முறை முதலிலிருந்து கேட்டார். நாலு நாள் மழையும் தூக்கமின்மையும் அவரைவிட்டு இறங்கிப் போனமாதிரி இருந்தது.

"பாத்தியா, அடங்கிடுச்சு" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. நாற்காலியின் முதுகில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். அலுத்துப்போய்விட்டாள், பாவம், தூங்கட்டும் என்று நினைத்தார். இன்றைக்கு வேலைக்கு வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். மகளைத் தனியே கூப்பிட்டு, "எழுப்பிடாதே. விடிய விடிய தூங்கல" என்றார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பின்சீட்டில் ஆள் இல்லாததால் சைக்கிள் லேசாகப் போயிற்று.

மில்லில் டீ இடைவேளைக்கு இரண்டாம் நம்பர் வந்து விசாரித்தாள். காதுக்காரர் டீயை ஊதிக்கொண்டு விவரமாகச் சொன்னார். மூன்று தடவை மருந்தடித்ததைச் சொன்னார், எட்டு மணிக்குக் கேட்டதைச் சொன்னார். "புது பேரிங் மாட்டின மாதிரி இருக்கு. சின்னச் சத்தம்கூட இல்ல" என்றார். இரண்டாம் நம்பர் மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

பத்தேகாலுக்கு வாட்ச்மேன் பஞ்சு அறை வாசலில் வந்து நின்று காது மடலை இழுத்துக் காட்டினார். காதுக்காரர் எந்த நம்பர் என்று புருவத்தால் கேட்டார். வாட்ச்மேன் மூன்று விரலைக் காட்டினார். காதுக்காரர் திரும்பி மூணாம் நம்பரைப் பார்த்தார். அங்கே மாற்று ஆள் நின்று துணி போட்டுக்கொண்டிருந்தாள், மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதே என்று விரலைச் சுற்றிக் காட்டினார். வாட்ச்மேன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, கையைக் காதில் போன் மாதிரி வைத்துக் காட்டினார். அப்போதுதான் எந்த மூணாம் நம்பர் என்று அவருக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் மகள் அவசரப் பிரிவுக்கு வெளியே நனைந்துபோய் நின்றாள். உள்ளே திரைக்குப் பின்னால் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கட்டிலை நிமிர்த்தி மனைவியை உட்காரவைத்திருந்தார்கள். மாஸ்க்கிலிருந்து மருந்துப் புகை வந்துகொண்டிருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதடு அவள் உதடு மாதிரியே இல்லை.

ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத டாக்டர் ஒருவர், கண்ணெல்லாம் சிவந்துபோய், என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். காதுக்காரர் வரிசையாகச் சொன்னார். மருந்து, ஆவி, எத்தனை தடவை, எத்தனை நிமிஷ இடைவெளி. சொல்லிவிட்டு, இவர்களுக்குத் தெரியாதோ என்னவோ என்று, காலையில் விசில் பலமாக இருந்ததையும் எட்டு மணிக்கு முழுசாக அடங்கியதையும் தானே காது வைத்துக் கேட்டதையும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தோன்றியது. திட்டவில்லை, திட்டுகிற தெம்புகூட அவரிடம் இல்லை. ஸ்டெத்தைக் கழற்றி இவர் காதில் மாட்டி, மறுமுனையை அவள் முதுகில் வைத்தார்.

"கேளுங்க."

வெகுதூரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குக் கேட்ட அதே சுத்தம்.

"நெஞ்சு அடிக்கிறது கேக்குதுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அதாங்க பயமே. விசிலடிக்கவும் காத்து வேணும்ல? உள்ள குழாயெல்லாம் இறுகிப் போச்சு. சத்தம் போடற அளவுக்குக்கூட காத்து போகல."

டாக்டர் மேலே சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெல்ட் கழன்ற மெஷினில் எங்கிருந்து சத்தம் வரும். சுற்றாத பேரிங் எப்படிக் கரகரக்கும். பளபள ஷூவும் மலர்ந்த முகமும் அவர் கண்முன்னால் வந்து நின்றன. பத்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது யாரை என்று இப்போது தெரிந்தது. காது இரண்டும் சூடேறின. ஸ்டெத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

டாக்டர் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஊசியெல்லாம் போட்டாயிற்று, இன்னும் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் பார்க்கலாம். அதற்குள் நெஞ்சில் சத்தம் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் வைக்கவேண்டும். அதற்கு அவள் உடம்பு தாங்குமா என்பதை இப்போது சொல்லமுடியாது.

வெளியே பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே குழாயடியில் ஒரு பெண் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மகளின் காலடியில் குடை கிடந்தது.

அந்தக் குடையால்தான் தெரியவந்ததாம். மகள் ஜெராக்ஸ் கடை வேலைக்குக் கிளம்பித் தெருமுனைவரை போய்விட்டாள். பாதி நனைந்தபிறகுதான் குடை ஞாபகம் வந்து திரும்பியிருக்கிறாள். குடை நாற்காலிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. அதை எடுக்கப் போனபோது அம்மாவின் விரல் நகங்களைப் பார்த்திருக்கிறாள், நீலமாக இருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. தெருவில் ஓடி ஆட்டோவை நிறுத்தி, ஆட்டோக்காரரும் இவளுமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"குடையை மறக்காம எடுத்துட்டுப் போயிருந்தா, மத்தியானத்துக்கு மேலதான் வந்திருப்பேன்" என்றாள்.

அவர் குடையை எடுத்து மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"நீங்க சத்தம் கேட்டுட்டு இருந்தப்ப அம்மா என்கிட்ட ஏதோ காட்டினாங்க. எனக்குப் புரியல. மூணு மணிக்கு எழுப்புன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். சரின்னு தலையாட்டினேன்."

"என்ன காட்டினா?"

"மூணு விரல்."

"அப்புறம்?"

"கைய மூடிக்கிட்டாங்க. நான் தலையாட்டினதும் மறுபடியும் காட்டினாங்க. மூணு விரலக் காட்டிக் கைய மூடினாங்க."

அது மூணு மணி இல்லை என்றார் காதுக்காரர். மகள் அவர் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக, புது மேனேஜர் வந்த கதையை, முதல்முறையாக, அதன் கடைசிவரைக்கும் அவளுக்குச் சொன்னார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவர் குரல் உடைந்தது. மூணாம் நம்பர் நின்றுவிட்டது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். வாய்விட்டுச் சொல்ல மூச்சில்லாமல் கையால் சொல்லியிருக்கிறாள். திருப்பிக் காட்ட ஆளில்லாததால் இரண்டாம் முறையும் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அது புரியக்கூடிய ஆள் ஒருத்தர்தான்.

"அப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்றாள் மகள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பின்னாடி இருந்தேன். அவ முதுகுல காத வெச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு."

மகள் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் முதுகில் கைவைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்த காதை அந்த நேரத்தில் அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று அவருக்குப் பின்னால் ஞாபகம் இல்லை. ஸ்ட்ரெச்சர்கள் போயின, வந்தன. யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள், அது கையிலேயே ஆறிப்போயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மெஷின் ஓடாத மில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வருஷத்தில் ஒருநாள் சுத்தம் செய்வதற்காக எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். அன்றைக்கு உள்ளே நடக்கவே அவருக்குப் பிடிக்காது.

நர்ஸ் வந்து, டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள்.

டாக்டர் ஸ்டெத்தை நீட்டினார். காதுக்காரர் இந்தமுறை கண்ணை மூடவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முதலில் அதே வெறுமைதான். பிறகு வலப்பக்கம் மேலே, எண்ணெய் இல்லாத கதவைத் தூரத்து வீட்டில் யாரோ திறப்பதுபோல, மெல்லிசாக ஒரு விசில். அவருடைய பிரமையாகவும் இருக்கலாம். அடுத்த மூச்சுக்கும் அது வந்தது. இடப்பக்கம் வைத்தார், அங்கேயும் இருந்தது. கீழே இறக்கினார், பழைய கரகரப்பு, அதே இடத்தில், அதே மாதிரி.

"வருதுங்க" என்றார். "டாக்டர், வருதுங்க. ரெண்டு பக்கமும் வருது."

"ரொம்ப மோசமான சத்தம்" என்றார் டாக்டர். "ஆனா இதுக்குத்தான் காத்திருந்தேன்." ஸ்டெத்தை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு நிமிஷம் சாய்ந்து நின்றார்.

காதுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு வருஷமாக எந்தச் சத்தத்தை அடக்கப் பாடுபட்டாரோ அது திரும்பி வந்ததற்காக, அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார்.

மத்தியானம் வார்டுக்கு மாற்றினார்கள். விசில் இப்போது கட்டிலருகே நின்றாலே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி, என்ன இப்படி இழுக்கிறதே, டாக்டரைக் கூப்பிடக்கூடாதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பரவாயில்லை, இருக்கட்டும் என்றார் காதுக்காரர். அவள் இவரை ஒருமாதிரி பார்த்தாள்.

மனைவி கண்ணைத் திறந்தபோது மணி நாலாகியிருந்தது. மழை விட்டிருந்தது. மாஸ்க் கழற்றக்கூடாது, பேச வைக்கக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காதுக்காரர் நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே, அவள் முகம் தெரிகிறமாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ காட்டினத நான் பாக்கல" என்றார். "பின்னாடி இருந்துட்டேன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாயிடுச்சுன்னு மில்லு பூரா சொல்லிட்டு வந்துட்டேன். புது பேரிங் மாதிரின்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடுதாசி என் பெட்டியிலதான் இருக்கு. ரெண்டு வருஷம் வெச்சுக்கிட்டு இருந்தேன். நீ வேணாம்னு சொன்னதா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எனக்குத்தான் வேணாம்னு இருந்துச்சு. காலையில முதல் வேலையா சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடறேன்."

சூப்பர்வைசர் என்றதும் போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கை லேசாக அசைந்தது. ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்த கை, சூப்பர்வைசருக்கு உரிய அந்த அடையாளத்தைப் பாதி காட்டிவிட்டு, முடியாமல் விழுந்தது. அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

மகள் வெந்நீர் பாட்டிலோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அம்மா அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மறுபடி கையைத் தூக்கினாள். தூக்குவதற்கே இரண்டு மூச்சு பிடித்தது.

மூன்று விரல்.

மகள் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது தெரியும், அடுத்து வரவேண்டியது என்ன என்று. கை அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு விரல்கள் மெதுவாக மடங்கின. கை மூடப்போகிறது என்று காதுக்காரர் எழுந்துவிட்டார்.

சுட்டுவிரல் மடங்கவில்லை. அது தனியாக நிமிர்ந்து நின்றது. பிறகு, மிகவும் மெதுவாக, கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டது. மாஸ்க்குக்குள்ளே விசில் இழுத்துக்கொண்டிருந்தது.

காதுக்காரர் மூன்று விரலைக் காட்டி, சுட்டுவிரலைச் சுற்றினார். அவள் கையை இறக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தானும் மூன்று விரலைக் காட்டி, விரலைச் சுற்றிக் காட்டினாள். அதன்பிறகுதான் அம்மா கையைப் போர்வைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.